மறுபிறப்பு முதலா, விசுவாசம் முதலா?

ஜனவரி 6: வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் வேதபாட வகுப்பை நடத்துகிறவர், "மறுபடியும் பிறவாதவன் விசுவாசிக்கவே முடியாது. முதலில் மறுபிறப்பு, அதன் பலனாகவே விசுவாசம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் யோவான் 1:12, கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களுக்கே தேவனுடைய பிள்ளைகளாகும்படி அதிகாரம் கொடுக்கப்பட்டது என்றல்லவா சொல்கிறது? பிள்ளையான பிறகு ஏற்றுக்கொள்வதா, ஏற்றுக்கொண்ட பிறகு பிள்ளையாவதா? அவர் சொல்லும் வரிசை எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

ஜனவரி 7

நீங்கள் பன்னிரண்டாம் வசனத்தில் நிற்கிறீர்கள். அவர் பதின்மூன்றாம் வசனத்தில் நிற்கிறார். இந்த விவாதத்தில் ஒருவர் ஒரு வசனத்தை எடுத்தால் மற்றவர் அதற்கு அடுத்ததை எடுப்பது நெடுங்கால வழக்கம். பன்னிரண்டாம் வசனம் அதிகாரம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று சொல்கிறது. அவர்கள் ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் வசனம் அந்தப் பிறப்பு இரத்தத்தினாலும் மாம்ச சித்தத்தினாலும் புருஷனுடைய சித்தத்தினாலும் உண்டாகாமல் தேவனாலே உண்டாயிற்று என்கிறது. அது எந்த நொடியில் நிகழ்ந்தது என்பதை அதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் அதிகாரமும் அப்படியே. "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்" என்ற வசனத்தை உங்கள் ஆசிரியர் நிச்சயமாகக் காட்டியிருப்பார். காண்பது என்றால் விசுவாசக் கண்ணால் காண்பது என்று விளக்கியுமிருப்பார். ஆனால் ஐந்தாம் வசனத்தில் அதே கருத்து "பிரவேசிக்கமாட்டான்" என்று திரும்ப வருகிறது. எனவே அங்கே ராஜ்யத்தில் பங்கடைவதே பேசப்படுகிறது என்று கொள்வதுதான் இயல்பானது. விசுவாசிக்கும் திறனைப் பற்றி அந்த வசனம் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. மேலும், "இவைகள் எப்படி ஆகும்" என்று நிக்கொதேமு கேட்டபோது இயேசு எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்? வனாந்தரத்தில் உயர்த்தப்பட்ட சர்ப்பத்தினிடத்தில். எண்ணாகமம் 21-இல் கடிபட்டவன் அதை நோக்கிப் பார்த்தான், பிழைத்தான். பிழைத்த பிறகு நோக்கிப் பார்த்ததாக அங்கே எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அதே அதிகாரத்தின் எட்டாம் வசனம், காற்று தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது என்று சொல்லி, நம் கையில் எதையும் ஒப்படைக்க மறுக்கிறது. இரண்டையும் ஒரே உரையாடலில், ஒரே இரவில், ஒரே மனிதனிடம் இயேசு சொன்னார் என்பதை மறந்துவிட்டுத்தான் நாம் இரண்டு கட்சிகளாகப் பிரிகிறோம்.

ஜனவரி 7, இரவு

"கோழி முந்தியா முட்டை முந்தியா என்பதைப் போன்ற வீண் வாதம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோழியைப் பற்றிய வாதத்தால் இதுவரை எவருடைய தூக்கமும் கெட்டதாக நான் கேள்விப்படவில்லை. இந்த வாதத்தால் கெட்டிருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 11

மறுபிறப்பே முந்தியது என்போரின் மிக வலுவான வசனம் 1 யோவான் 5:1. "இயேசுவானவரே கிறிஸ்து என்று விசுவாசிக்கிற எவனும் தேவனால் பிறந்திருக்கிறான்." விசுவாசிப்பது நிகழ்காலத்தில் இருக்கிறது, பிறந்திருப்பதோ முன்பே முடிந்து அதன் பலன் இப்போதும் தொடரும் வினையாக இருக்கிறது. ஆகவே பிறப்பு முந்தியது, விசுவாசம் அதன் விளைவு என்கிறார்கள்.

இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வர இயலாது என்பதற்கு அதே யோவான் எழுதிய சுவிசேஷமே சாட்சி. விசுவாசியாதவன் ஏற்கெனவே ஆக்கினைத்தீர்ப்புக்குட்பட்டாயிற்று என்று 3:18 சொல்கிறது. அங்கேயும் வினையமைப்பு அதேதான். ஆனால் தீர்ப்பு முந்தி, அவிசுவாசம் அதன் விளைவு என்று எவரும் வாசிப்பதில்லை, ஏனெனில் விசுவாசியாததே தீர்ப்பின் காரணம் என்று அந்த வசனமே தொடர்ந்து கூறுகிறது. கேட்டு விசுவாசிக்கிறவன் மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறான் என்னும் 5:24-இலும் இதே அமைப்பு இருக்கிறது.

ஆனால் அவர்களிடம் இலக்கணத்தைக் காட்டிலும் நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. அதை அவர்களே பெரும்பாலும் சரியாக எடுத்துவைப்பதில்லை. அந்த நிருபத்தில் நீதியைச் செய்கிற எவனும் அவரில் பிறந்தவன் என்று 2:29-உம், அன்புள்ள எவனும் தேவனால் பிறந்தவன் என்று 4:7-உம் சொல்கின்றன. நீதியைச் செய்ததனால் ஒருவன் மறுபடியும் பிறந்தான் என்றோ, அன்புகூர்ந்ததனால் பிறந்தான் என்றோ எந்தச் சபையும் போதிப்பதில்லை. அவை இரண்டும் பிறப்பின் கனிகள் என்றால், அதே வாக்கிய வார்ப்பில் வரும் மூன்றாவதை மட்டும் பிறப்பின் காரணம் என்று வாசிப்பது கடினம். இதை நான் மதிக்கிறேன். அதற்கு எதிராக ஒன்றே சொல்லலாம்: யோவான் அங்கே ஏற்கெனவே விசுவாசிகளாயிருப்பவர்களுக்கு அடையாளங்களைத் தருகிறார், தொடர்ந்து விசுவாசித்துக்கொண்டிருப்பவனைப் பற்றிப் பேசுகிறார், முதன்முதலாக விசுவாசிக்கும் அந்தக் கணத்தை அவர் ஆராயவில்லை. இந்தப் பதிலும் நியாயமானதே. வசனம் சாய்கிறது, கேள்வியை முடித்துவைக்கவில்லை.

ஜனவரி 19

தூக்கம் கெட்ட கதையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

நான் விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவன். கிறிஸ்துவை நம்பாதிருந்த ஒரு நாளை என்னால் நினைவுகூர இயலவில்லை. வாலிபர் கூடுகைகளில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால், ஒவ்வொருவரும் எழுந்து தாங்கள் மறுபடியும் பிறந்த தேதியையும், சிலர் மணியையும்கூடச் சொல்வார்கள். எனக்குச் சொல்ல ஒரு தேதி இல்லாததால் பாடல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அந்தக் கூடுகைகளின் போதனை விசுவாசத்தை முன்வைப்பது: நீ தீர்மானிக்கிறாய், தேவன் பிறப்பிக்கிறார். அப்படியானால் தீர்மானித்த நாள் தெரியவேண்டும் என்பது நேர்மையான அனுமானம்தான். ஒரு தேதியைப் பெறுவதற்காகவே, அழைப்பு விடுக்கப்பட்ட போதெல்லாம் நான் கை உயர்த்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், போன தடவை உயர்த்தியது உண்மையானதுதானா என்ற ஐயம் மிஞ்சியது.

பின்னர், மறுபிறப்பை முன்வைக்கும் கால்வின் வழிவந்த சீர்திருத்த போதனையை வாசித்தபோது பெரும் ஆறுதல் உண்டாயிற்று. காற்று எங்கிருந்து வருகிறதென்று தெரியாவிட்டாலும் அதன் சத்தத்தைக் கேட்கலாம், தேதி வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆறுதல் நெடுநாள் நிலைக்கவில்லை. முன்பு "நான் மெய்யாகத் தீர்மானித்தேனா" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், இப்போது "எனக்குள் ஏற்கெனவே ஏதாவது நடந்திருக்கிறதா" என்று கேட்கத் தொடங்கினேன். மறுபிறப்பு முந்தியது என்றால், நான் விசுவாசிப்பதற்கு முன் அது எனக்குள் நிகழ்ந்திருக்கவேண்டும். அது நிகழ்ந்ததா என்று தெரியாமல் நான் எப்படி விசுவாசிப்பது? போதனை மாறியிருந்தாலும் நோய் அதேதான். இரண்டு காலத்திலும் நான் எனக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். உயர்த்தப்பட்டவரைப் பார்த்த நேரம் குறைவு.

நிக்கொதேமுவுக்கும் தேதி இல்லை. யோவான் 3-இல் இரவில் வருகிறான். 7-இல் ஆலோசனைச் சங்கத்தில் அவருக்காக ஒரு வார்த்தை பேசுகிறான். 19-இல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவருகிறான். இந்த மூன்றுக்கும் நடுவே எந்த இடத்தில் அவன் மறுபடியும் பிறந்தான் என்று யோவான் நமக்குச் சொல்ல அக்கறை காட்டவில்லை.

ஜனவரி 20

இல்லை, அர்மீனியர்கள், அதாவது டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் வழிவந்து விசுவாசத்தை முன்வைப்போர், கிருபையை மறுக்கிறார்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். அர்மீனியஸ் 1609-இல் இறந்தபின் அவரைப் பின்பற்றியோர் 1610-இல் வெளியிட்ட ஐந்து பிரிவுகளில் மூன்றாவது, மனிதனுக்கு இரட்சிக்கும் விசுவாசம் தன்னால் உண்டாவதில்லை, பரிசுத்த ஆவியினால் அவன் மறுபடியும் பிறப்பிக்கப்படவேண்டும் என்று சொல்கிறது. நான்காவது, அந்தக் கிருபையை எதிர்த்து நிற்கக் கூடும் என்று சேர்க்கிறது. சண்டை அந்த நான்காவதில்தான். மூன்றாவதை மட்டும் வாசித்தால் யார் எழுதியது என்று பலருக்குத் தெரியாது.

பிப்ரவரி 2

"சபை வரலாறு முழுவதும் எங்கள் பக்கம்" என்று இரு தரப்பிலிருந்தும் குறிப்புகள் வந்திருக்கின்றன. வரலாறு அவ்வளவு அடக்கமாக ஒரு பக்கம் நிற்பதில்லை.

மனிதன் தன் சொந்தச் சித்தத்தினாலேயே நன்மையைத் தெரிந்துகொள்ள வல்லவன் என்ற பெலாகியுவின் போதனையை 418-இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. அதன்பின் தென் கால் நாட்டில் (இன்றைய தென் பிரான்ஸ்) ஒரு நடுவழி தோன்றியது: இரட்சிப்பு கிருபையினால்தான், ஆனால் விசுவாசத்தின் முதல் அசைவு மட்டும் சில வேளைகளில் மனிதனிடமிருந்தே புறப்படலாம். 529-இல் ஆர்ல் நகரப் பேராயர் சிசேரியுவின் தலைமையில் கூடிய ஒராஞ்சு சங்கம் அதையும் மறுத்து, விசுவாசத்தின் தொடக்கமும், விசுவாசிக்கவேண்டும் என்ற விருப்பமும்கூடக் கிருபையின் ஈவே என்று தீர்மானித்தது. மேற்கத்திய சபை அதை ஏற்றது. 1547-இல் ரோமன் கத்தோலிக்கரின் திரெந்து சங்கமும் முந்திச்செல்லும் கிருபையிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் மனிதன் அதனோடு ஒத்துழைக்கிறான், அதை மறுக்கவும் முடியும் என்கிறது. லூத்தர் தமது சிறிய ஞானோபதேசத்தில், என் சொந்த அறிவினாலும் பலத்தினாலும் இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்க என்னால் முடியாது என்று பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி, எல்லா மனிதருக்கும் அளிக்கப்படும் முந்திய கிருபையைப் போதித்தார். ஆக, "யார் முதலில் அசைகிறார்" என்ற கேள்விக்கு இவர்கள் அனைவருடைய பதிலும் ஒன்றே: தேவன். இவர்களில் ஒருவரையும் பெலாகியுவின் பக்கத்தில் தள்ளாதீர்கள்.

இனி சீர்திருத்த தரப்பினருக்கு. கால்வின் 1559-ஆம் ஆண்டின் தமது பெரும் நூலின் மூன்றாம் புத்தகத்தில், விசுவாசத்தைப் பற்றி முதலில் எழுதிவிட்டு, அடுத்த அதிகாரத்துக்கு "விசுவாசத்தினால் நமக்கு உண்டாகும் மறுபிறப்பு" என்ற பொருள்படவே தலைப்பிட்டார். 1561-ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கையின் 24-ஆம் பிரிவும், வசனத்தைக் கேட்பதினாலும் ஆவியானவரின் கிரியையினாலும் மனிதனில் உண்டாகும் மெய்விசுவாசம் அவனை மறுபடியும் பிறப்பிக்கிறது என்றே சொல்கிறது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் தொடரும் புதுப்பித்தலையும் சேர்த்தே பேசினார்கள் என்பது உண்மை. அந்த முதல் உயிர்ப்பித்தலை மட்டும் பிரித்தெடுத்து அதற்கு முதலிடம் கொடுத்தது பிற்காலத்தாரின் கூர்மை. அந்தக் கூர்மை தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் "விசுவாசத்தினால் மறுபிறப்பு" என்று சொன்ன ஒருவரைக் கள்ளப்போதகர் என்று ஏசுகிறவர், முதலில் கால்வினை ஏசவேண்டியிருக்கும்.

பிப்ரவரி 3

ஒரு வாசகர் சரியாகச் சுட்டிக்காட்டுகிறார்: ஒராஞ்சு சங்கம் ஞானஸ்நானத்தின் மூலமாகப் பெறப்படும் கிருபையைப் பற்றியும் பேசுகிறது, எனவே அதை "விசுவாசத்துக்கு முன் மறுபிறப்பு" என்ற கட்சிக்குச் சாட்சியாக அழைக்க இயலாது. ஆம். அந்தச் சங்கத்தின் முடிவு, விசுவாசத்துக்கு முன் கிருபை என்பது. முந்திவரும் கிருபை முழுவதையும் மறுபிறப்பு என்று அழைக்கவேண்டுமா என்பதே இன்றைய கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் பலர் வெற்றிக்கொடி ஏற்றுகிறார்கள்.

பிப்ரவரி 15

சிசுக்களைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மனவளர்ச்சி குன்றிய மகனை உடையவர் என்றும் எழுதியிருக்கிறார். இந்த இழையில் இதுவரை கேட்கப்பட்டவற்றுள் இதுவே கனமான கேள்வி.

விசுவாசம் கண்டிப்பாக முந்தவேண்டும், அந்த விசுவாசமும் அறிந்து தீர்மானிக்கும் செயல் என்றால், அறியும் நிலையில் இல்லாதவர்களுக்கு நேரடியான பதில் இல்லாமற்போகிறது. அவர்களுக்குத் தனி ஏற்பாடு ஒன்றைச் சொல்லவேண்டியதாகிறது. 1646-இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை பத்தாம் அதிகாரத்தில் இதை எதிர்கொள்கிறது: சிசுப்பருவத்தில் மரிக்கும், தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களும், வசனத்தின் வெளிப்படையான அழைப்பைப் பெறும் ஆற்றலற்ற மற்றவர்களும், தாம் விரும்பும் காலத்திலும் இடத்திலும் விதத்திலும் கிரியை செய்யும் ஆவியானவரால் மறுபடியும் பிறப்பிக்கப்பட்டு இரட்சிக்கப்படுகிறார்கள். லூத்தரன் சபையாரோ, சிசுவுக்கே தேவன் விசுவாசத்தை அருளுகிறார் என்று துணிந்து சொல்கிறார்கள். தாயின் வயிற்றில் களிப்பாய்த் துள்ளிய யோவான்ஸ்நானனை அவர்கள் காட்டும்போது, சிரித்துவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இந்த இடத்திலிருந்து பொதுவிதி சமைக்கத் தொடங்கினால் சிக்கல் வரும். நெதர்லாந்தின் ஆபிரகாம் கைப்பர், உடன்படிக்கையின் பிள்ளைகளை ஏற்கெனவே மறுபிறப்பு அடைந்தவர்களாகப் பாவித்து ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்று போதித்தார்; மறுபிறப்பின் வித்து வெகுகாலம் உறங்கிக்கிடந்து பிற்பாடு விசுவாசமாக முளைக்கலாம் என்பது அதன் உட்பொருள். 1905-இல் உத்ரெக்ட் சங்கம் சமரசம் செய்துவைத்தது. 1944-இல், உலகப்போரின் நடுவே, அதே கருத்தைச் சுற்றிய சண்டையில் சபை பிளந்தது. இங்கிலாந்திலோ, ஞானஸ்நானத்தில் சிசு தவறாமல் மறுபடியும் பிறக்கிறதா என்பதில் கோராம் என்ற குருவானவர் தம் பேராயரோடு முரண்பட, அந்த வழக்கு அரசியின் ஆலோசனைச் சபைவரை சென்று 1850-இல் குருவானவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஆவியானவர் எந்த நேரத்தில் வந்தார் என்பதைச் சட்ட அறிஞர்கள் உட்கார்ந்து விசாரித்த காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. பிரதிவாதியை அழைக்க வழியில்லாத வழக்கு அது.

சகோதரிக்கு என் பதில் குறுகியது. உங்கள் மகனுடைய காரியம், அவன் எதைப் புரிந்துகொள்கிறான் என்பதைச் சார்ந்திருக்கவில்லை. இதில் மறுபிறப்பே முந்தியது என்போர் சொல்வதை நான் தயக்கமின்றி ஏற்கிறேன்.

பிப்ரவரி 16

"அப்படியானால் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம்?" நேரமே இல்லை என்றுதான் இரு தரப்பிலும் பொறுப்பானவர்கள் சொல்வார்கள். அவர்கள் பேசுவது காரண வரிசை. கடிகார வரிசை வேறு. வெஸ்லியும், நீதிமானாக்கப்படுதலும் புதிய பிறப்பும் காலத்தால் ஒன்றுக்கொன்று முந்தியவை அல்ல, சிந்தனை வரிசையில் மட்டுமே ஒன்று முந்துகிறது என்று எழுதினார். கடிகாரத்தை உள்ளே கொண்டுவந்தால் இரு தரப்பும் விபரீதத்தில் முடியும்: ஒரு தரப்பில் மறுபடியும் பிறந்த அவிசுவாசி, மறு தரப்பில் விசுவாசித்தும் இன்னும் உயிரற்றவன். வேதத்தில் இந்த இருவரில் ஒருவரையும் எனக்குக் காட்டமுடியவில்லை.

மார்ச் 1

காரண வரிசை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன் என்கிறார்கள். சரி, காரணத்தையே பார்ப்போம்.

அழிவில்லாத வித்தாகிய தேவவசனத்தினாலே மறுபடியும் ஜெநிப்பிக்கப்பட்டிருக்கிறீர்கள் என்கிறார் பேதுரு (1 பேதுரு 1:23). உங்களுக்குச் சுவிசேஷமாய் அறிவிக்கப்பட்ட வசனம் இதுவே என்று இரண்டு வசனங்களுக்குப் பின் விளக்குகிறார். சத்திய வசனத்தினாலே நம்மை ஜெநிப்பித்தார் என்கிறார் யாக்கோபு (1:18). ஆக, மறுபிறப்பு ஒரு கருவியைக்கொண்டு நிகழ்கிறது. அந்தக் கருவி பிரசங்கிக்கப்படும் செய்தி. இப்போது மறுபிறப்பு முந்தியது என்போருக்கு ஒரு நெருக்கடி வருகிறது. செய்தி எப்படிக் கிரியை செய்கிறது? நம்பப்படுவதன் மூலம் என்றால், விசுவாசம் உள்ளே வந்துவிடுகிறது. நம்பப்படாமலே கிரியை செய்கிறது என்றால், அது செய்தியாக இருந்து கிரியை செய்யவில்லை. வெறும் ஓசையாக இருந்து கிரியை செய்கிறது. இந்த நெருக்கடியிலிருந்து விலகுவதற்காகவே சிலர், ஆவியானவர் வசனத்தின் துணையின்றி நேரடியாக உயிர்ப்பிக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள்; அவர்களுக்குப் பேதுருவின் வாக்கியத்தை என்ன செய்வதென்று தெரிவதில்லை.

மறுபுறம், விசுவாசம் முந்தியது என்போருக்கும் நெருக்கடி உண்டு. மாம்சசிந்தை தேவனுக்கு விரோதமான பகை, மாம்சத்துக்குட்பட்டவர்கள் தேவனுக்குப் பிரியமாயிருக்கமாட்டார்கள் என்று ரோமர் 8 சொல்கிறது. விசுவாசிப்பது தேவனுக்குப் பிரியமானது. பகைஞன் பகைஞனாகவே இருந்துகொண்டு எப்படி நம்பினான்? முந்திய கிருபை அவனை விடுவித்தது என்பார்கள். நல்லது, அந்த விடுதலை அவன் இருதயத்தில் ஒரு மெய்யான மாற்றம் என்றால், மறுதரப்பினர் மறுபிறப்பு என்று சொன்னதை நீங்கள் வேறொரு படியில் வைத்திருக்கிறீர்கள், படி இல்லாமற்போகவில்லை.

லீதியாளின் காரியம் இங்கே உதவுகிறது. பவுல் பேசிக்கொண்டிருக்கிறார், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவர் சொல்வதைக் கவனிக்கும்படி கர்த்தர் அவள் இருதயத்தைத் திறக்கிறார் (அப்போஸ்தலர் 16:14). திறந்தவர் கர்த்தர், இதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் திறப்பு பேச்சுக்கு வெளியே, கேட்பதற்கு முன்னால் நடந்த தனிச்சம்பவமாக லூக்கா எழுதவில்லை. கேட்கிற செயலுக்குள்ளேயே அது நடக்கிறது. அந்தத் திறப்பையே மறுபிறப்பு என்று அழைப்பவர்கள் உண்டு. இறையியலாளர் மில்லார்ட் எரிக்சன் போன்றோர், இரட்சிக்கப்படுவோரைத் தேவனே தெரிந்துகொள்கிறார் என்பதை முழுமையாக ஏற்றுக்கொண்டே, அந்தத் திறப்பைத் தனிச்சிறப்பான அழைப்பு என்று வைத்து, அடுத்து மனந்திரும்புதலையும் விசுவாசத்தையும், அதற்கடுத்தே மறுபிறப்பையும் வைக்கிறார்கள். ஆகவே வரிசையைக் கேட்டவுடன் "நீ கால்வினியனா அர்மீனியனா" என்று சீட்டு ஒட்டுகிறவர்கள் சற்றுப் பொறுக்கலாம்.

என் சாய்வு இதுதான்: வசனத்தைக் கேட்கும்போது, வசனத்தைக்கொண்டு, தேவன் இருதயத்தைத் திறக்கிறார், திறந்த இருதயம் நம்புகிறது, அந்தத் திறப்பை மறுபிறப்பின் முதல் அசைவு என்று அழைக்க எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது ஒருவன் விசுவாசிப்பதற்கு முன் தன்னிடம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவேண்டிய தகுதி ஆகாது. காரணமாக அது முந்தலாம். நிபந்தனையாக அதை முன்னே நிறுத்த எவருக்கும் உரிமையில்லை.

மார்ச் 9

மேலே எழுதிய கடைசி வரிகளை "வார்த்தை விளையாட்டு" என்று ஒருவர் தள்ளிவிட்டார். ஆகவே, அது விளையாட்டாக இல்லாத ஓர் இடத்தைச் சொல்கிறேன்.

நோயுற்றிருந்த முதியவர் ஒருவரை அவ்வப்போது சென்று பார்த்துவந்தேன். வாழ்நாளெல்லாம் சபைக்கு வந்தவர். அவருடைய பயம் மரணத்தைப் பற்றியதாக இல்லை. "நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா, எனக்குள் உயிர் உண்டாக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியாமல் இயேசுவே என்று கூப்பிடுவது துணிகரமாகாதா?" என்று கேட்டார். தமக்கு வாக்குத்தத்தத்தில் பங்கு இருக்கிறதென்று உறுதியான பிறகே அதைப் பற்றிக்கொள்ளலாம் என்று அவர் எங்கோ கற்றிருந்தார். நான் முதலில் இறையியல் பேசினேன், பயனில்லை. பிறகு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கூப்பிட்ட தகப்பனுடைய பகுதியை (மாற்கு 9) வாசித்தேன். அவன் தன் நிலையை ஆராய்ந்து முடித்துவிட்டா கூப்பிட்டான் என்று கேட்டார். இல்லை என்றேன். அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அதற்குப் பின் அவர் அந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பவில்லை. அவருக்குள் என்ன நடந்தது என்று நானும் விசாரிக்கவில்லை.

கால்வினியரான லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1863-இல் பிரசங்கித்த ஒரு செய்தியில் இந்த நோயைத்தான் தாக்கினார். மறுபடியும் பிறந்தவனுக்கு மட்டுமே கிறிஸ்துவை விசுவாசிக்கும்படி சொல்லவேண்டும் என்றால், அவன் ஏற்கெனவே இரட்சிக்கப்பட்டவன். அவனுக்கு அதைச் சொல்வது தேவையற்றது, நகைப்புக்குரியது என்பது அவர் வாதத்தின் சாரம். விசுவாசிக்க ஒருவனுக்குள்ள உரிமை தேவனுடைய கட்டளையிலும் வாக்குத்தத்தத்திலும் இருக்கிறது. அவனுடைய உள்நிலையில் அதைத் தேடக்கூடாது. மறுபிறப்பு முந்தியது என்ற கருத்தை மறுப்பவர்கள் இந்தப் பகுதியைத் தங்களுக்கு ஆதரவாக மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் அந்தக் கருத்தைக் கைவிட்டார் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. அதைப் பிரசங்கப் பீடத்தில் நிபந்தனையாக வைப்பதைத்தான் அவர் சகிக்கவில்லை.

அர்மீனியரின் ஐந்து பிரிவுகளை மறுக்க 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கமும், கடினமானது என்று பெயர்பெற்றிருந்தாலும், இந்த இடத்தில் மென்மையாகப் பேசுகிறது. தேவன் எவர்கள் இருதயத்தில் இப்படிக் கிரியை செய்கிறாரோ அவர்கள் நிச்சயமாகவே மறுபிறப்படைந்து மெய்யாகவே விசுவாசிக்கிறார்கள் என்று சொன்ன உடனே, அடுத்த பிரிவில், இது எவ்விதமாக நிகழ்கிறதென்பதை விசுவாசிகள் இந்த வாழ்வில் முழுவதும் அறியமுடியாது, தாங்கள் இந்தக் கிருபையால் விசுவாசித்து இரட்சகரை நேசிக்கிறோம் என்று அறிந்திருப்பதில் இளைப்பாறுகிறார்கள் என்று சேர்க்கிறது. முன்னதை மனப்பாடம் செய்பவர்கள் பின்னதையும் செய்திருந்தால், அந்த முதியவருக்கு அப்படியொரு கேள்வி எழுந்திருக்காது.

மார்ச் 10

"மரித்தவன் எப்படிக் கேட்பான்? எசேக்கியேல் 37-இன் எலும்புகள் விசுவாசித்த பிறகா உயிர்பெற்றன?" நல்ல கேள்வி. உலர்ந்த எலும்புகளைப் பார்த்து, கர்த்தருடைய வார்த்தையைக் கேளுங்கள் என்று சொல்லும்படி தீர்க்கதரிசிக்குக் கட்டளை வருகிறது. முதலில் உயிர்ப்பித்துவிட்டுப் பிறகு பேசும்படி சொல்லப்படவில்லை. லாசருவும் அழைக்கும் சத்தத்தினால்தான் வெளியே வருகிறான். இது உங்களுக்கும் சாதகம், எனக்கும் சாதகம்: உயிர் கொடுக்கிறவர் தேவன், கொடுக்கப்படும் வழி வார்த்தை.

ஆனால் "மரித்தவர்கள்" என்பதை எல்லையின்றி நீட்டாதீர்கள். எபேசியர் 2-இன் மரித்தவர்கள் அடுத்த வசனத்திலேயே இவ்வுலக வழக்கத்திற்கேற்றபடி நடந்துகொண்டிருக்கிறார்கள். லூக்கா 15-இல் மரித்திருந்த இளைய குமாரன், பன்றிகளின் நடுவே புத்தி தெளிந்து எழுந்து நடக்கிறான். பிணத்தால் பாவமும் செய்யமுடியாது.

மார்ச் 28

சில நாட்களாக எழுத இயலவில்லை. மீதியிருந்த ஒரே புதிய கேள்வி: ஆபிரகாம் மறுபடியும் பிறந்தவனா? கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது (ஆதியாகமம் 15:6). ஆனால் இயேசு மகிமைப்படாதிருந்தபடியால் ஆவி இன்னும் அருளப்படவில்லை என்று யோவான் 7:39 சொல்கிறதே?

பழைய உடன்படிக்கைக் காலத்தில் மறுபிறப்பே இல்லை என்று சொல்வோர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியானால், மறுபிறப்பு இல்லாத மெய்விசுவாசம் கோடிக்கணக்கில் இருந்திருக்கவேண்டும்; அதன்பின் வரிசையைப் பற்றிப் பேசவே இடமிருக்காது. ஆனால் இஸ்ரவேலின் போதகனாயிருந்தும் இவைகளை அறியாமலிருக்கிறாயா என்று இயேசு நிக்கொதேமுவைக் கடிந்துகொண்டார். அவன் கையிலிருந்த ஏடுகளில் அது இருந்ததால்தானே? மகிமைப்பட்ட கிறிஸ்துவின் ஆவி சபையில் வாசம்பண்ணுவது 7:39-இன் பொருள். ஒரு மனிதனின் இருதயத்தைத் தேவன் மாற்றுவது அதற்கும் முந்திய காலம் முதல் உண்டு என்பதே எனக்கு நேராகத் தோன்றுகிறது.

அந்த ஏடுகளையே பாருங்கள். உங்கள் இருதயத்தின் நுனித்தோலை விருத்தசேதனம்பண்ணுங்கள் என்பது உபாகமம் 10:16-இன் கட்டளை. கர்த்தரே உன் இருதயத்தை விருத்தசேதனம்பண்ணுவார் என்பது 30:6-இன் வாக்குத்தத்தம். புது இருதயத்தையும் புது ஆவியையும் உங்களுக்கு உண்டுபண்ணிக்கொள்ளுங்கள் என்று எசேக்கியேல் 18:31 கட்டளையிடுகிறது. நவமான இருதயத்தை நானே கொடுப்பேன் என்று 36:26 வாக்களிக்கிறது. அமெரிக்க எழுப்புதல் பிரசங்கியார் சார்ல்ஸ் ஃபின்னி முந்தியதை எடுத்துக்கொண்டு, பாவி தன் இருதயத்தைத் தானே மாற்றிக்கொள்ளக் கடமைப்பட்டவன், மாற்றிக்கொள்ளவும் வல்லவன் என்று பிரசங்கித்தார். வேறு சிலர் பிந்தியதை எடுத்துக்கொண்டு, தேவன் செய்யும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். எசேக்கியேல் இரண்டையும் எழுதினார். கட்டளை வாக்குத்தத்தத்தால் நீக்கப்படவும் இல்லை. 36-ஆம் அதிகாரத்தின் முடிவில் மற்றொரு வரியும் இருக்கிறது: இதைத் தங்களுக்குச் செய்யும்படி இஸ்ரவேல் வம்சத்தார் என்னிடத்தில் விண்ணப்பம்பண்ணவேண்டும். அது நேரடியாக ஜனத்தைப் பெருகப்பண்ணும் வாக்குத்தத்தத்தைச் சேர்ந்தது என்று மறுப்பீர்கள்; ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நவமான இருதயத்தை நானே தருவேன் என்று சொன்ன அதே பேச்சில், தாம் தரப்போவதைக் கேட்கும்படி அவர் எதிர்பார்க்கிறார்.